கரும்பின் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்



மரபணு மாற்றப்பட்ட உணவு என்ற சொல்லை இப்போது அடிக்கடி கேட்கிறோம். கத்தரிக்காயில் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்க்கிறார்களாம், கடுகிலும் சேர்க்கிறார்களாம், இதையெல்லாம் நாம் உண்ணலாமா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று அன்பியக் கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. சிலர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். ஒவ்வொரு செடியையும் கடவுள் அதனதன் இனத்தின்படி படைத்தார் என்று தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதில் மனிதர் கைவைப்பது பாவம் இல்லையா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தாம். இவற்றுக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதைவிட, செடிகளின் உள்ளே கைவைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த ஒருவருடைய வாழ்வைச் சொல்வது பயனுள்ளது என்று எண்ணுகிறோம்.

அவர் நமக்கு அக்கம்பக்கத்தவர் போலத்தான். அசோக் நகரிலிருந்து நூறடிச் சாலையில் வடபழனி, கோயம்பேடு என்று போய், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திரும்பினால் மதுரவாயல் வருகிறது. அங்கேதான் அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் இறந்தார். பெயர் இ.கே. ஜானகி அம்மாள். தாவர அறிவியல் படித்தவர்களுக்கு இது பெரிய பெயர். மதுரவாயல் வழியாக நாள்தோறும் பேருந்தில் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஜானகி 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. தந்தை இ.கே. கிருஷ்ணன் அவ்வூரில் துணை நீதிபதி. வழக்குகளுக்கு இடையே தோட்டம் போடுவதும், வட மலபாரின் பறவைகளைக் கவனித்து எழுதி வைப்பதும் அவருக்குப் பிடித்த வேலைகள். அவருடைய இரண்டு திருமணங்களிலும் சேர்த்துப் பிள்ளைகள் 19 பேர். இரண்டாம் மனைவி தேவியின் 13 பிள்ளைகளில் ஜானகி 10ஆவது. தேவியின் தந்தை ஒரு பிரித்தானிய அதிகாரி. குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், சாதிப் படிக்கட்டில் தாழ்ந்தவர்கள் என்று அன்றைய சமூகம் ஒதுக்கி வைத்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை நன்கு விளங்கும்.

தலச்சேரியில் கன்னியர் நடத்திய திரு இருதயப் பள்ளியில் அவர் படித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். கடற்கரையில் இராணி மேரி கல்லூரி, அடுத்து மாநிலக் கல்லூரி. 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். உடன்பிறந்த சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. இவருக்கும் முறைமாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிவந்த பார்பர் உதவித்தொகை கிடைத்தது. திருமணமா படிப்பா என்ற கேள்விக்கு அவர் கப்பலேறிப் பதில் சொன்னார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1925இல் முதுகலை, இடையில் சில காலம் மீண்டும் நுங்கம்பாக்கத்தில் பாடம், பிறகு 1931இல் அதே மிச்சிகனில் அறிவியல் டாக்டர் பட்டம். 34 வயது நிறைவதற்குள் ஓர் இந்தியப் பெண் அன்று எட்ட முடியாத இடத்தை அவர் எட்டியிருந்தார்.

அவர் படித்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த உயிரை எடுத்துக்கொண்டாலும் அதன் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூலிழை போன்ற நுண்பொருள்கள் இருக்கின்றன. குரோமோசோம் என்று பெயர். மரபணுக்கள் இந்த இழைகளில்தான் மணிமாலைபோல் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையானது. நெல்லுக்கு 24, கத்தரிக்கு 24, ரொட்டிக் கோதுமைக்கு 42. மனிதருக்கு 46. (இந்த 46 என்பது உறுதியானதே 1956இல்தான். அதுவரை 48 என்று பாடநூல்களில் இருந்தது. தன்னுடையதை எண்ணுவதில்தான் மனிதர் அதிகக் காலம் தவறியிருக்கிறார்.) செடியின் வேர் நுனியை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து இந்த இழைகளை எண்ணுவதும், அவை எப்படி இணைகின்றன, பிரிகின்றன என்று பார்ப்பதும்தான் ஜானகி அம்மாளின் கலை. கண்ணும் பொறுமையும் வேண்டும் வேலை அது.

இந்த அறிவியலின் தொடக்கத்தில் நம் திருஅவையின் துறவி ஒருவர் நிற்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் புருனோ நகரின் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து கலந்து எண்ணிப் பார்த்து, பண்புகள் தலைமுறை தாண்டிச் செல்லும் விதிகளைக் கண்டார். 1866இல் அச்சான அவர் கட்டுரையை ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை. 1900ஆம் ஆண்டில்தான் உலகம் அதைத் திரும்பக் கண்டுபிடித்தது. அப்போது ஜானகி மூன்று வயதுக் குழந்தை. மெண்டல் இறந்தது 1884இல். ஜானகி அம்மாள் இறந்தது சரியாக நூறு ஆண்டுகள் கழித்து.

நாடு திரும்பியதும் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டாண்டு பேராசிரியர் பணி. 1934இல் கத்தரிச் செடியில் குரோமோசோம் தொகுதிகள் பெருகுவதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கத்தரிக்குப் பின்னால் வருவோம். அதே ஆண்டு அவர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். அவர் வாழ்வில் நமக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான் என்போம்.

நாம் காலையில் காப்பியில் போடும் சர்க்கரைக்கு ஒரு கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு விளையும் இந்தியா சர்க்கரையை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியக் கரும்பு குச்சிபோல் மெலிந்தது, சாறு குறைவு. நியூ கினித் தீவிலிருந்து பரவிய பருத்த கரும்பு மிக இனிப்பானது. ஆனால் நம் வட நாட்டின் குளிரையும் வறட்சியையும் நோயையும் அது தாங்காது. 1912இல் கோயம்புத்தூரில் நிலையம் தொடங்கியதற்குக் காரணம், அந்த ஊரின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து, முளைக்கும் விதை வைக்கிறது என்பதே. பூத்தால்தானே கலக்க முடியும்? நிலையத்தின் முதல் தலைவர் சி.ஏ. பார்பரும், அடுத்து வந்த நம் தமிழர் டி.எஸ். வெங்கடராமனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். வெள்ளைக் கரும்பு என்ற இனிப்பு வகையை, ஆற்றங்கரையில் களையாக மண்டிக் கிடக்கும் காட்டு நாணலோடு கலந்தார்கள். இனிப்பே இல்லாத நாணல் அது. அதிலிருந்து பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918இல் விவசாயிகளின் கைக்கு வந்தது. தாயின் இனிப்பும் தந்தையின் முரட்டுத்தனமும் அதில் கூடியிருந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் கோயம்புத்தூர்க் கரும்புகள் வட இந்திய வயல்களை நிறைத்தன. 1932இல் அரசு இறக்குமதிச் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி விதித்ததும் ஆலைகள் எழும்பின. ஜாவாச் சர்க்கரை வருவது நின்றுபோயிற்று.

ஜானகி அம்மாள் இந்தியக் கரும்பைத் தனியாளாக இனிப்பாக்கினார் என்று இப்போது இணையத்தில் எழுதுகிறார்கள். அது அவருக்குப் பெருமை சேர்க்காது. பார்பரும் வெங்கடராமனும் போட்ட பாதையில் அவர் வந்தார். அவர் செய்தது வேறு, ஒருவிதத்தில் அதைவிடக் கடினமானது. ஏன் இது நடக்கிறது என்று அவர் உள்ளே புகுந்து பார்த்தார். கரும்பின் கணக்கு நேராக வராத கணக்கு. இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. தாய் பாதி, தந்தை பாதி என்று கொடுத்தால் பிள்ளைக்கு 72 வரவேண்டும். ஆனால் கோ 205இல் இருப்பது 112. தாய் தன் 80ஐயும் முழுவதுமாகக் கொடுத்துவிடுகிறாள். தந்தை மட்டும் தன் பாதியான 32ஐக் கொடுக்கிறார். ஜாவாவில் டச்சு அறிஞர்கள் முதலில் கவனித்த இந்த விந்தைக் கணக்கை அவர் பல கலப்புகளில் பின்தொடர்ந்தார். நாணலின் பல வகைகளை இடம் இடமாகச் சேகரித்து, எண்ணி, அந்தக் காட்டுப் புல்லின் பிறப்பிடம் இந்தியாவாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நாம் களை என்று வெட்டி எறிந்தது சர்க்கரையின் பாட்டன் என்று தெரிந்தபோது ஆய்வாளர்களுக்கே வியப்பு.

அவர் அங்கே நிற்கவில்லை. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தார். அது 1938இல் நேச்சர் என்ற புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. வேறு வேறு பேரினப் புற்களோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் ஒரே இனம் அல்ல, ஒரே பேரினம்கூட அல்ல. மரபணுவை வெட்டி ஒட்டும் கருவிகள் பிறப்பதற்கு பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மகரந்தத்தூளும் தூரிகையும் கொண்டு இந்த வேலிகள் தாண்டப்பட்டுவிட்டன.

தொடக்கநூல் பற்றிய கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். அதனதன் இனத்தின்படி என்ற சொற்கள் படைப்பின் வளத்தையும் ஒழுங்கையும் வியந்து சொல்வன. தாவரவியல் சட்டமாக, யாரும் தாண்டக்கூடாத எல்லைக்கோடாக அவற்றை நம் திருஅவை படித்ததில்லை. தூய அகுஸ்தீனார், கடவுள் படைப்புக்குள் விதைகள் போன்ற ஆற்றல்களை வைத்தார் என்றும், அவை காலப்போக்கில் விரிகின்றன என்றும் 1600 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கினார். நாம் உண்ணும் எதுவும் ஏதேனில் இருந்தபடி இல்லை. காட்டு வாழைப்பழத்தைப் பிளந்தால் உள்ளே கல் போன்ற கொட்டைகள்தான். அதற்கு 22 குரோமோசோம். நம் கடைகளில் தொங்கும் பெரும்பாலான வாழை வகைகளுக்கு மூன்று தொகுதிகளாக 33. அது ஒற்றைப்படை ஆகிவிட்டதால் ஒழுங்காக விதை வைக்க முடியவில்லை. நமக்குப் பழம் கிடைத்தது. மனிதர் படைப்பில் கைவைத்தார்களா என்பது சரியான கேள்வி அல்ல என்றே நமக்குப் படுகிறது. யாருக்காக, யாருடைய இழப்பில் வைத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஜானகி அம்மாளின் வாழ்வின் பிற்பகுதி இந்தக் கேள்வியோடுதான் நகர்கிறது.

கோயம்புத்தூரில் அவருக்கு மன நிறைவு இல்லை. சர் சி.வி. இராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்துக்கு 1935இல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அன்றாடப் பணியிடம் வேறு. தனித்து வாழும் பெண், அதுவும் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்துப் பெண், ஆண்களுக்குச் சமமாக அறிவியல் பேசுவதை உடன் பணியாற்றிய சிலரால் ஏற்க முடியவில்லை. 1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அதற்குப் போனவர் அங்கே இருக்கும்போதே இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்பவில்லை. இலண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். காலையில் போய், ஆய்வக அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவார். சேலை மடிப்புக்குள் ஒளித்து ஓர் அணில்பிள்ளையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்றும், அது அந்த நிறுவனத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தது என்றும் அவருடைய குடும்பத்தார் சொல்வார்கள்.

1945இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். பிறகு விஸ்லியில் இருக்கும் அரச தோட்டக்கலைக் கழகம் அவரை அழைத்தது. அங்கே அவர் கையாண்ட மருந்து கோல்சிசின். குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் இந்த நச்சுப்பொருள் ஐரோப்பாவில் ஒரு குங்குமப்பூப் போன்ற செடியிலிருந்து எடுக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் நிறைய உண்டு. கண்வலிக் கிழங்கு என்று நம் கிராமத்தார் அஞ்சி ஒதுங்கும் செடிதான் அது. அதை மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் தடவி அவர் வளர்த்த மரங்கள் விஸ்லியில் ஒரு குன்றின் சரிவில் நடப்பட்டன. அவற்றில் ஒரு வகை அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

1951இல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க வேண்டும் என்றார். ஜானகி அம்மாள் திரும்பி வந்தார். இந்தியத் தாவரங்களை இந்தியர்களே, இந்திய மண்ணிலேயே ஆராய வேண்டும், உலர்த்தி ஒட்டி வைத்த மாதிரிகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்வது நிற்க வேண்டும் என்பது அவர் உறுதி. செடியை இலையும் பூவும் பார்த்துப் பெயரிடுவதோடு நிறுத்தாமல் குரோமோசோம்வரை போகவேண்டும் என்றும் நினைத்தார். ஆனால் 1954இல் அரசு தலைமைத் தாவரவியலராக வேறொருவரை நியமித்தது. அவர் கியூ மரபில் பயின்றவர். இந்தியத் தாவரவியலுக்கு இது பெரும் தோல்வி என்று ஜானகி அம்மாள் டார்லிங்டனுக்கு மனம் வெதும்பிக் கடிதம் எழுதினார். அந்த வேறொருவர் யார் தெரியுமா? பம்பாய் தூய சவேரியார் கல்லூரியின் அருள்பணி சந்தபாவு, ஸ்பெயின் நாட்டில் பிறந்த இயேசு சபைக் குரு. சந்தபாவு அடிகளார் மேற்குத் தொடர்ச்சி மலைகளை நடந்தே அளந்தவர், நேர்மையான அறிஞர், இந்தியாவிலேயே வாழ்ந்து இறந்தவர். அவரைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும், நேரு அழைத்து வந்த பெண்ணுக்கு மேலே ஒருவரை அமர்த்தி, அவரிடம் ஆணை பெறச் சொன்னது அந்தப் பெண்ணுக்கு எப்படி வலித்திருக்கும் என்பதை, நியமனம் பெற்றவர் நம்மவர் என்பதற்காக நாம் மறைக்க வேண்டியதில்லை.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்று அவரை வேறு திசையில் திருப்பியது. சுதந்திர இந்தியா பசியில் இருந்தது. அதிக உணவு விளைவிப்போம் என்ற இயக்கத்தில் நாடெங்கும் காடுகளை வெட்டி வயலாக்கினார்கள். அன்றைய அஸ்ஸாமின் தலைநகர் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி ஓர் அரிய மக்னோலியா மரம் இருந்தது. அந்த வட்டாரத்தில் அந்த இனத்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றே. அதைத் தேடிப் போனார் ஜானகி அம்மாள். போய்ப் பார்த்தால், மரத்தை எரித்துவிட்டிருந்தார்கள்.

சற்று நின்று இதை எண்ணிப் பாருங்கள். உணவை அதிகமாக்குவதற்காகவே கோயம்புத்தூரில் ஐந்தாண்டு உழைத்தவர் அவர். நாணலைக் கொண்டுவந்து கரும்பைக் காப்பாற்றலாம் என்று அறிந்தவர். அந்த நாணலைப்போல் நாளை எந்தப் பயிருக்கு எந்தக் காட்டுச்செடி உயிர் கொடுக்குமோ, அதை இன்றைய உணவுக்காக எரித்துவிட்டால் நாளை எதைக் கொண்டு கலப்பது? 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதர் எப்படி மாற்றிவிட்டார்கள் என்று ஆராய உலக அறிஞர்கள் கூடினார்கள். அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். ஆய்வகத்தின் வெற்றிகளை அவர் அங்கே அடுக்கிக்கொண்டிருக்கவில்லை. இந்தியக் கிராமத்தார் தம் வயிற்றுக்காகச் செய்யும் வேளாண்மையைப் பற்றி, பழங்குடிகளின் செடி அறிவைப் பற்றிப் பேசினார்.

பிறகு அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகம், ஜம்முவில் வட்டார ஆய்வுக்கூடம், சில காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று பணி தொடர்ந்தது. 1970 நவம்பரில் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கிவிட்டார். அங்கே மூலிகைத் தோட்டம் போட்டார். சுற்றிலும் பூனைகள். அவற்றின் குட்டிகளுக்குள் இருக்கும் வேறுபாடுகளையும் அவர் விடாமல் கவனித்தாராம், பழக்கம் போகாது அல்லவா! உயரமான உருவம், தளர்ந்த கொண்டை, மஞ்சள் பட்டுச்சேலை, அதே நிறத்தில் நீண்ட மேற்சட்டை. பார்த்தவர்களுக்குப் புத்தத் துறவி போல் தோன்றும். தேவைகளை மிகக் குறைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல் வாழ்ந்தார். யாரும் கேட்காமலே தமக்குத் தாமே எடுத்துக்கொண்ட வார்த்தைப்பாடு அது. 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

1983இல், அவருக்கு 85 வயதானபோது, மேல்நாட்டு ஆய்வகங்கள் முதன்முதலாக வேற்று மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் நேரடியாகச் செலுத்திக் காட்டின. மகரந்தமும் தூரிகையும் தேவைப்படவில்லை. இதுவரை சொன்ன கலப்புகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: கலப்பில் இழைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். இதிலோ எங்கிருந்தும், பாக்டீரியாவிலிருந்தும்கூட, வேண்டிய மரபணு ஒன்றிரண்டை மட்டும் எடுத்து வைக்கலாம். 1994இல் அமெரிக்கக் கடைகளுக்கு இத்தகைய முதல் தக்காளி வந்தது. 2002இல் நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. பருத்தியை நாம் உண்பதில்லை என்று நினைக்கிறோம். அதன் கொட்டை எண்ணெய் சமையலுக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும் போகிறது. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளையும் சோயாவில் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியதே, அந்த எண்ணெய் நம் நாட்டுக்கு இறக்குமதியாகிறது. உண்ணலாமா என்று கேட்பவர்கள் பலர் ஏற்கெனவே உண்டுகொண்டுதான் இருக்கிறார்கள்.

கத்தரிக்கு வருவோம் என்றோமே. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். அந்தப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்து மகிகோ நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியது. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அதில் பங்கெடுத்தது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு இசைவு தந்தது. நாட்டின் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்ட அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். அவர் சுட்டிய காரணங்களில் ஒன்று, கத்தரிக்கு இந்தியாவில் எண்ணற்ற நாட்டு வகைகள் இருக்கின்றன, அவை என்ன ஆகும் என்பது. பக்கத்து வங்காளதேசம் 2013இல் அனுமதித்து, 2014 முதல் பயிரிடுகிறது. மரபணு மாற்றக் கடுகுக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்து, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள்.

நம் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். உடல்நலத்தைப் பற்றிய அச்சத்துக்கு இதுவரை வலுவான சான்று இல்லை. அமெரிக்க அறிவியல் கழகங்கள் 2016இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து, சந்தையில் உள்ள மரபணு மாற்றப் பயிர்களை உண்பதில் மற்ற உணவைவிடக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்றே முடிவு சொன்னார்கள். ஆகவே புற்றுநோய் வரும், மலடாவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம் மக்கள் பரப்பாமல் இருப்பது நல்லது. ஆனால் விதை யாருடையது என்ற கேள்வி அப்படி எளிதில் அடங்குவது இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும் இதே வழியில்தான் செல்கிறது. பொதுவாக ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது என்று ஏற்றுக்கொண்டு, நிலம் ஒருசிலர் கையில் குவிவதையும் சிறு விவசாயி மறைவதையும் அது எடுத்துக்காட்டுகிறது. கோ 205ஐ உருவாக்கியது பொது நிறுவனம். விவசாயி அந்தக் கரும்பின் கரணையை வெட்டி அடுத்த ஆண்டும் நட்டுக்கொண்டான், பக்கத்து வயல்காரனுக்கும் கொடுத்தான். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஜானகி அம்மாளின் பெயரை இரு தரப்பினரும் தம் கொடியில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்கள். செடிகளைக் கலந்தவர் என்று ஒரு தரப்பு, காட்டைக் காத்தவர் என்று மறு தரப்பு. அவர் இரண்டையும் செய்தார். பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டபோது, எதிர்த்தவர்களின் வரிசையில் எண்பது வயதைக் கடந்த அவரும் நின்றார். எதிர்ப்பதோடு நிற்காமல், மூழ்கப்போகும் அந்தக் காட்டின் செடிகளுக்குக் குரோமோசோம் கணக்கெடுக்கும் வேலையையும் தொடங்கினார். 1983 நவம்பரில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த பிப்ரவரியில், மதுரவாயல் ஆய்வகத்தில், வேலையில் இருந்தபடியே அவர் இறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.